பங்களா மாமன்

மஞ்சக்குன்றில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர் ஒருத்தரும் கிடையாது. தங்கக் கல்லை நொறுக்குகிற மில் ராப்பகல் பாராமல் திடும் திடும் என்று இடித்துக்கொண்டே இருக்கிற ஊரில் ரகசியம் பேசுவதானாலும் கத்தித்தான் பேசியாக வேண்டும், ஆகவே அங்கே ரகசியம் என்று ஒன்று தங்கினதே இல்லை, புருசன் பெண்சாதி கொஞ்சினாலும் சரி, கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டாலும் சரி, சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் முழுக்கக் கேட்கும், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் "இன்னாத்துக்கு எல்லாரும் சண்ட போட்டுக்கினே கீறீங்கோ" என்று மிரண்டு மறுநாளே மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே பெரிய குரல் தனக்கோடியின் குரல். அவள் தன் புருசன் கன்னியப்பனைச் சாப்பிடக் கூப்பிட்டால் சுரங்கத்துக்குள்ளே உளி பிடித்து நிற்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று ஜனங்கள் சொல்வார்கள். கொஞ்சம் ஏற்றிச் சொன்னதுதான், ஆனால் ரொம்ப இல்லை.

அந்தக் குரலுக்குத்தான் காசிம் பாயின் சினிமாக் கொட்டகையில் வேலை கிடைத்தது. அது படம் பேசாத காலம். திரையில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும், அதை யார் படிப்பது, திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் கையில் குச்சியோடு நின்று இன்னார் இன்னாரிடம் இன்னது சொல்கிறார் என்று ஜனங்களைப் பார்த்து விளக்கிச் சொல்ல வேண்டும். பாய் முதலில் சேலத்திலிருந்து ஒரு விளக்கக்காரரை அழைத்து வந்தார், பட்டுக்கரை வேட்டி, வாசனைப் பாக்கு, எல்லாம் பிரமாதம், ஆனால் மில் சத்தத்தில் அவர் சொன்னது முன்வரிசைக்கே எட்டவில்லை, பின்னாலிருந்து ஒருத்தன் "யோவ் பாயி, இந்தாளும் வாயத்தான் அசைக்கிறான், இவனும் படத்துல ஒருத்தனா" என்று கேட்டான், கொட்டகையே சிரித்தது, அவர் மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டார். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது லைன் பக்கமிருந்து தனக்கோடி ஆட்டை விரட்டுகிற சத்தம் கேட்டது. பாய் எழுந்து நேரே அவள் வாசலுக்குப் போய் நின்றார்.

தனக்கோடிக்கும் இங்கிலீஷ் தெரியாதுதான். அதனாலென்ன, முகத்தைப் பார்த்தால் தெரியாதா யார் யாரிடம் என்ன சொல்வார்கள் என்று? படத்தில் வருகிற தொரைகளுக்கும் தொரைசாணிகளுக்கும் முதல் வேலையாக முறை வைத்துவிடுவாள், ஏனென்றால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் மஞ்சக்குன்றுக்காரர்களுக்கு ஒரு கதையும் ஏறாது. "இதோ தொப்பி போட்டுக்கினு வரானே, இவன் அவளுக்கு அத்த மவன், கட்டிக்கிற மொற. அந்தக் குண்டம்மா பெரியம்மாக்காரி, வாயி கொஞ்சம் நீளம்." முறை தெரிந்தவுடன் ஜனங்கள் மண்ணைக் குவித்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இனி அழலாம் சிரிக்கலாம் என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த வருசம் சுரங்கத்துக்குள் கல் சரிந்து கன்னியப்பன் செத்துப்போனான். கம்பெனிச் சட்டம் ஒன்றிருந்தது, தட்டியால் கட்டின அந்த ஒற்றை அறை வீடு கல் உடைக்கிற ஆம்பளைக்குத்தான், ஆள் போனால் பெண்சாதி காலி பண்ண வேண்டும். மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று ஓவர்சீர் கோதண்டம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே உள்ளே வந்து தட்டியை இழுத்துப் பார்த்து, எத்தனை இடத்தில் கிழிந்திருக்கிறது என்று நோட்டம் விட்டுவிட்டுப் போனார். தனக்கோடிக்குப் போக்கிடம் எது? பிறந்த ஊரில் யாருமில்லை. தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, புருசனை அனுப்பி, கடைசியில் பொணமாக வாங்கின வாசல் அது. தாலியைக் கழற்றினபோதுகூட அவ்வளவு அழாதவள் அன்றைக்கு அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையோடுதான் அவள் பங்களா படத்துக்கு விளக்கம் சொல்லப் போனாள். பெட்டியில் இங்கிலீஷில் என்னமோ பேர் ஒட்டியிருந்தது, பாய் அதைப் பங்களா படம் என்றார், ஊரும் அப்படியே சொன்னது. மலைமேல் ஒரு பெரிய பங்களா, பணக்காரக் கிழவர் செத்துப்போகிறார், வீடு யாருக்கு என்று தெரிந்துகொள்ளச் சொந்தக்காரர்கள் எல்லாரும் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்கிறார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் ஒரு நெட்டை உருவம் இறங்குகிறது, தலை முழுக்கக் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறது, விரல்கள் மட்டும் கிளைகள் மாதிரி நீண்டு தெரிகின்றன, அதைக் கண்ட ஒவ்வொருத்தரும் அலறி விழுகிறார்கள். கொட்டகையில் பெண்கள் பக்கம் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள். யார் அது, பேயா, மனுசனா, வீடு யாருக்கு என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது திரை வெள்ளையாகிவிட்டது. கடைசி ரீல் வரவேயில்லை, ரயிலில் எங்கேயோ தங்கிவிட்டது. காசிம் பாய் மெஷினுக்குப் பின்னாலிருந்து கையை விரித்துக் காட்டினார், ஜனங்கள் விசிலடிக்க ஆரம்பித்தார்கள், இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொட்டகையைப் பிய்த்துவிடுவார்கள்.

தனக்கோடி குச்சியால் வெள்ளைத் திரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னாத்துக்கு கத்துறீங்கோ? படம் போனா கத போயிடுமா? கேளுங்கோ. பேயி பேயின்னு பயந்தீங்களே, அவன் பேயே இல்ல. அவன் தாய்மாமன்! கூடப் பொறந்தவ பொண்ணுங்களுக்கு சீரு செய்ய வந்தவன். வந்த சனமெல்லாம் வூட்டப் பாத்துதே தவிர மாமன ஒருத்தராவது வான்னு கூப்டாங்களா? மூஞ்சிய மூடிக்கினு நிக்கிறான் பாவம், வெக்கத்துல. அந்த வூடு யாருக்குன்னு கேட்டா சொல்றேன். பணக்காரனுக்கு இல்ல, பத்திரம் வெச்சிகினு கீறவனுக்கு இல்ல. அவனப் பாத்து பயப்படாம, 'வா மாமா, சாப்ட்டியா'ன்னு வாய் நெறைய எவ கேக்குறாளோ, அவளுக்குத்தான் அந்த வூடு. அவ இந்தக் கொட்டாயிலதான் எங்கியோ குந்தினு கீறா!"

சொல்லிவிட்டுக் குச்சியை இறக்கினாள். வீடு இல்லாதவள் வாயில் வேறு என்ன கதை வரும்?

மறுநாள் பொழுது விடிந்தபோது கொட்டகைக்கும் மில் கழித்துப் போட்ட மண்மேட்டுக்கும் நடுவே, ஆடு மேய்கிற பொட்டலில், அந்தப் பங்களா நின்றுகொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக, கூரான கூரைகளும் வளைந்த ஜன்னல்களும் கொடி படர்ந்த சுவருமாக, படத்தில் இருந்தது இருந்தபடி நின்றது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பட்டம்மா, தனக்கோடியின் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் பெண்குழந்தையோடு நின்று பார்த்துவிட்டு, "நேத்து நம்ம தனக்கோடி வாயால குடுத்துட்டா இல்ல, அதான் வந்துடுச்சி" என்றாள், எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது, அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. காசிம் பாய்க்கு மட்டும் கவலை, படத்துப் பங்களா பொட்டலுக்கு வந்துவிட்டால் திரையில் என்ன ஓடும் என்று மெஷினைச் சுற்றிப் படத்தை ஓட்டிப் பார்த்தார், மழையில் நனைந்த சொந்தக்காரர்கள் வெறும் மலைமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானத்துக்குள் ஜனங்கள் உள்ளே போய்விட்டார்கள். உள்ளே நிறமில்லை, பட்டம்மாவின் அரக்குச் சேலை கறுப்பாகிவிட்டது, நெற்றிக் குங்குமம் மை மாதிரி தெரிந்தது, வெளியே வந்தால் திரும்பச் சிவந்தது. நிறத்தை யார் கேட்டார்கள், சத்தம் இல்லையே, அதுதான் பெரிசு! வாசற்படி தாண்டினால் மில் சத்தம் அறுந்துவிடும், காலடி கேட்காது, இருமினால் கேட்காது, ஒருத்தர் பேசினால் உதடு அசைவது மட்டும் தெரியும். மஞ்சக்குன்றில் பிறந்தவர்கள் தாய் வயிற்றிலிருந்தே கேட்டு வந்த இடியை அங்கேதான் முதல்முதலாகக் கேட்காமல் இருந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடித்தவர்கள் ஈரத்துண்டோடு அந்தக் கூடத்தில் போய் விழுந்தார்கள், அடடா, அப்படி ஒரு தூக்கம், பகலில் தூங்குவது என்றால் இப்படியா என்று எழுந்து அழுதவன்கூட உண்டு. பல் முளைத்துச் சிணுங்குகிற பிள்ளைகளை எடுத்துக்கொண்டு தாய்மார்கள் மாடி அறைகளுக்குப் போனார்கள், நீளமான கறுப்புத் திரைச்சீலைகளை முடிந்து தூளி கட்டினார்கள், பேய்ப்படத்துத் திரைச்சீலைகள் காற்றில்லாமலே ஆடக்கூடியவை, ஆகவே தூளியை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் அவன் இறங்கினான். நெட்டையாக, தலை முழுக்கக் கறுப்புத் துணி சுற்றி, நீள விரல்களைக் கைப்பிடிச் சுவரில் தடவிக்கொண்டு இறங்கினான். கூடத்திலிருந்த ஆம்பளைகள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள், பொம்பளைகள் எழுந்து நின்றார்கள், தாய்மாமன் வந்தால் உட்கார்ந்தா இருப்பார்கள்? அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கீழ்ப்படியில், ஒதுங்கி, கூப்பிடாமல் வந்துவிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டான். தினமும் அப்படித்தான்.

பட்டம்மாவின் மகளுக்குக் காது குத்த வேண்டும், அண்ணன் தம்பி இல்லாத பட்டம்மா மாமன் மடிக்கு எங்கே போவாள் என்று ஒரு வருசமாகத் தள்ளிப்போட்டிருந்தாள். இப்போது என்ன குறை? ஒரு சாயங்காலம் அவனுக்குப் புது வேட்டி வைத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான், ஆசாரி ஊசியை ஏற்றினபோது குழந்தை வாயைப் பிளந்து சத்தமில்லாமல் அழுதது, அவன் தன் நீண்ட கையால் அதன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு அவன் குலுங்கின குலுங்கலில் அவனும் அழுகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அப்புறம் இலை போட்டார்கள். அவன் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. பட்டம்மா உதட்டை அசைத்து அசைத்துக் கூப்பிட்டாள், கையைக் காட்டினாள், கும்பிட்டாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்து அவள் மூக்கைச் சிந்தினாள்.

"வாயத் தொறந்து கூப்டாத வூட்டுல எந்த மாமன் கை நனைப்பான்? அவன் மேல தப்பில்ல. எனக்குத்தான் சத்தம் வரல. ஏம்மே தனக்கோடி, உன் கொரலு எதுக்குத்தான் கீது? நீ வந்து ஒருவாட்டி கூப்டேன்!"

தனக்கோடி மட்டும் இதுவரை அந்தப் படியை மிதிக்கவில்லை. மாமனைக் கண்டு பயமா? வாசலுக்கு வெளியே நின்று அவனைக் கண்டவளுக்கு இரக்கம்தான் வந்தது. அவளுக்குப் பயம் தன் வாயைக் கண்டு. புருசன் போனான், வீடு போகப்போகிறது, மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், உள்ளே போய் வாயைத் திறந்து, எல்லாரையும்போல அவளுக்கும் வெறும் காற்று வந்துவிட்டால் அப்புறம் தனக்கோடி என்று இந்த ஊரில் என்ன இருக்கும்? "பாத்துக்கலாம்மே, இன்னா அவசரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் கம்பெனிக்கு அவசரம் இருந்தது. பங்களாவில் தூங்குகிறவர்களுக்கு ஷிப்டுச் சங்கு காதில் விழவில்லை. சாயங்காலம் சுரங்க வாசலில் பாதிப் பேர் இல்லை. ஓவர்சீர் கோதண்டம் வந்து பார்த்து, நிலம் கம்பெனி நிலம், ஆகையால் வீடும் கம்பெனி வீடு என்று சொல்லிப் பெரிய தொரையை அழைத்து வந்தார். தொரைக்குப் பங்களா பிடித்துப்போயிற்று, அவர் ஊரில் இப்படித்தானாம் வீடு இருக்கும். தூங்கினவர்களை எழுப்பி வெளியே தள்ளி, கட்டில் நாற்காலி எல்லாம் கொண்டுவந்து போட்டு, அவர் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் மாமன் படியிறங்கினான். தொரை கத்தினார், கேட்கவில்லை. துப்பாக்கியால் சுட்டார், அதுவும் கேட்கவில்லை. தன் சத்தம் தனக்கே கேட்காததுதான் அவரை உலுக்கியது. தொப்பியை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தவர், மில்லின் இடி காதில் விழுந்த இடத்தில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாமன் பின்னாலேயே வந்து தொப்பியை வாசற்படியில் மரியாதையாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவமானம் தாங்காமல் தொரை வேட்டு வைத்துத் தகர்த்துவிடச் சொன்னார். மஞ்சக்குன்றில் வெடிமருந்துக்கா பஞ்சம்? ஆனால் துளை போடுகிறவனும் வேட்டு வைக்கிறவனும் யார், லைன் ஆட்கள்தானே. அவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பொட்டலில் உட்கார்ந்துகொண்டார்கள். "மாமன் குந்தியிருக்கிற வூட்டுக்கு வேட்டு வெக்கிற சாதி நாங்க இல்ல சார்" என்றார்கள். பூமிக்கடியில் இருட்டையே தோளில் சுமக்கிறவர்களிடம் எதைச் சொல்லி மிரட்டுவது? சங்கு ஊதி ஊதி ஓய்ந்தது, ஒருத்தரும் இறங்கவில்லை.

கடைசியில் ஓவர்சீருக்கு ஒரு யோசனை வந்தது. கதை அவர் காதிலும் விழுந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று கேலியாகச் சிரித்தார்.

"சரி, உங்க கதப்படியே போவோம். வாய் நெறைய கூப்டுறவளுக்குத்தானே வூடு? இன்னிக்கு சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல, எவளாவது உள்ள நின்னு கூப்டட்டும். அது வெளிய நிக்கிற தொரை காதுல விழணும். வுழுந்தா வூடு அவளுக்கு, கம்பெனி கிட்டக்கூட வராது. வுழலன்னா, நீங்களே வேட்டு வெக்கணும். சம்மதமா?"

தொரை தலையை ஆட்டினார். எல்லாரும் திரும்பித் தனக்கோடியைப் பார்த்தார்கள். அவள் வீட்டுத் தட்டியை அன்று காலைதான் ஓவர்சீரின் ஆட்கள் அவிழ்த்திருந்தார்கள், சட்டி பானையோடு அவள் தெருவில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்தாள். வானம் பார்த்த அடுப்பை மூட்டிக் கேழ்வரகுக் களி கிண்டினாள், மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், மஞ்சள் தூள் தாராளமாகப் போட்டாள். பட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊதாங்குழலை ஊதினாள். "எனக்கும் கொரலு வராம போயிட்டா இன்னாடி பண்றது" என்று தனக்கோடி கேட்டாள், ஜன்மத்தில் முதல் தடவையாகச் சன்னமாக. மில் இடியில் அது பட்டம்மாவுக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படி ஏறினாள். காதில் எப்போதும் இருந்த இடி அறுந்தது, சேலையின் பச்சை செத்தது. கூடம் காலியாக இருந்தது. மாமன் இறங்கி வந்து வழக்கம்போல் கீழ்ப்படியில் ஒதுங்கி உட்கார்ந்தான். அவள் சட்டியை இறக்கினாள், அவனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வயிற்றை எக்கி, நரம்பு புடைக்கத் திரும்பக் கூப்பிட்டாள். காற்றுகூட இல்லை. மாமன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதானா, நானும் வாயை அசைக்கிறவள்தானா என்று தனக்கோடி நினைத்தாள்.

அப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குச் சேலத்து விளக்கக்காரர் ஞாபகம் வந்தார், இவனும் படத்துல ஒருத்தனா என்ற சிரிப்பும் ஞாபகம் வந்தது. அட, இது படத்து வீடாச்சே! படத்துக்குள் இருக்கிறவர்களுக்கு என்றைக்குக் குரல் இருந்தது? தொரைக்கும் இல்லை, தொரைசாணிக்கும் இல்லை, அவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்தது யார்? படத்துக்குப் பக்கத்தில் நின்று, ஜனங்களைப் பார்த்து நின்று, தனக்கோடிதானே கொடுத்தாள்!

அவள் மாமனுக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில், கொட்டகையில் நிற்பதுபோலவே நின்றாள். விறகுச் சிராய் ஒன்று முந்தானையில் ஒட்டியிருந்தது, அதைக் குச்சியாகப் பிடித்தாள். திறந்திருந்த வாசலுக்கு வெளியே பொட்டல் நிறைய நின்ற ஜனங்களைப் பார்த்து, கடைசி வரிசையில் நிற்கிறவனைப் பார்த்து, ஆரம்பித்தாள்.

"மகாஜனங்களே! இதோ பாருங்கோ. தனக்கோடின்னு ஒருத்தி. புருசன கல்லுக்குக் குடுத்தவ. வூடில்லாதவ. சட்டியத் தூக்கிகினு இந்தப் பெரிய வூட்டுக்குள்ள வரா!"

கேட்டது! மில் இடிக்கு மேலே, சங்குக்கு மேலே, மண்மேட்டில் பட்டு எதிரொலித்துக்கொண்டு கேட்டது. பொட்டலில் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். காசிம் பாய் "அல்லாவே" என்று இரண்டு கையையும் ஏந்திவிட்டார். தொரை காதைப் பொத்தினார்.

"மாமன் குந்தினு கீறான் பாருங்கோ படியில. எவ்ளோ நாளா பட்டினியோ. அவனப் பாத்து அவ பயப்படல. எதுக்குப் பயப்படணும்? தாயோட பொறந்தவன் இல்லியா? அவ அவனப் பாத்துக் கேக்குறா..." தனக்கோடி திரும்பினாள், கண்ணீர் தாரையாக வந்தது, அதைத் துடைக்கவில்லை. "வா மாமா! சாப்ட்டியா?"

கொட்டகையில் என்றால் கேள்வியையும் அவளே சொல்வாள், பதிலையும் அவளே சொல்வாள். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. துணிக்குள்ளிருந்து, கரகரவென்று, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி ஒரு குரல்.

"இன்னும் இல்ல கண்ணு. யாரும் கேக்கல."

அவன் எழுந்து வந்து சட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் களியை உருட்டி வைத்துக் குழம்பை ஊற்றினாள். அவன் நீண்ட சாம்பல் விரல்களை அதில் வைத்தபோது, அந்த வீட்டில் அதுவரை இல்லாத மஞ்சள் அவன் நகத்தில் ஏறி, விரலில் ஏறி, மணிக்கட்டு வரைக்கும் ஏறியது, கை நனைத்துவிட்டான். சாப்பிடுவதற்காக முகத்துத் துணியைத் தூக்கினான். அந்த முகத்தைத் தனக்கோடி மட்டும்தான் பார்த்தாள், எப்படி இருந்தது என்று அப்புறம் பட்டம்மா எத்தனை தடவை கேட்டும் "பசிச்ச மூஞ்சி எப்பிடி இருக்கும், அப்பிடித்தான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வெளியே ஆரவாரம் ஓயவில்லை. தொரை குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஓவர்சீர் கோதண்டம் மட்டும், நிஜமா, ஏதாவது மோசடியா என்று பார்க்க வேகமாகப் படியேறி வந்தார். வாசலை மறித்துக்கொண்டு தனக்கோடி நின்றாள். கையில் கரண்டி இருந்தது, கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, தலை நிமிர்ந்திருந்தது. அவர் காலைப் பார்த்தாள்.

"செருப்ப வெளிய வுடு சார். இது என் வூடு."

அவர் கழற்றினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் வழிவிட்டாள்.

"வா, குந்து. நீயும் சாப்ட்டியோ இல்லியோ" என்றாள், மஞ்சக்குன்று முழுக்கக் கேட்கும்படி.